சோழியும் அஞ்சலும்: தென்னார்க்காட்டின் இரு கணிதச் சமூகங்கள்

மரக்காணம் உப்பளக் கரையிலிருந்து மேற்கே திருக்கோவிலூர் வரை விரிந்து கிடந்த பழைய தென்னார்க்காட்டின் கணித வரலாற்றை எழுத வருபவர் இரண்டு ஆண்டுகளைத் தவிர்க்க முடியாது: 1825, 1910. முதலாவது ஆண்டில், இம்மாவட்டம் சூழ்ந்திருந்த புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் தரையில் சோழிகளைப் பரப்பிச் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். இரண்டாவது ஆண்டில், திருக்கோவிலூரில் துணை ஆட்சியர் ஒருவரைத் தேடி, கையில் குறிப்பேடுகளுடன் வேலை கேட்டு ஓர் இளைஞர் வந்தார். இரண்டு நிகழ்வுகளுக்கும் இடையே 85 ஆண்டுகள். ஒரே நிலப்பகுதியில் உருவான இந்த இரு கணிதச் சமூகங்களும் ஏன் ஒன்றையொன்று அறியாமல் போயின என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

மரக்காணத்தில் கழியும் கடலும் கூடும் முகத்துவாரத்தை ஒட்டி உப்புப் பாத்திகள் கிடக்கின்றன. சிறுபாணாற்றுப்படை பேசும் எயிற்பட்டினம் இவ்வூரே என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். அமாவாசையிலும் பௌர்ணமியிலும் ஓதம் உயர்ந்து ஏறும். கழியை நம்பிப் பிழைப்பவருக்குத் திதி என்பது சடங்குக்கு மட்டும் உரியதல்ல. 1805இல் சென்னை மாகாணத்தில் உப்பு கிழக்கிந்தியக் கம்பெனியின் தனியுரிமையானது. விளைந்த உப்பு மரக்கால் கணக்கிலும் கரிசைக் கணக்கிலும் பேரேட்டில் ஏறியது. 400 மரக்கால் ஒரு கரிசை. எண்சுவடியை மனப்பாடம் செய்த திண்ணைப் பள்ளி மாணவரும், காரி நாயனாரின் கணக்கதிகாரத்தைப் பயின்ற ஊர்க்கணக்கரும் இத்தகைய அளவைகளோடுதான் வாழ்ந்தனர். எண்ணும் அளவையும் இக்கரைக்குப் புதியவை அல்ல. இந்தத் தளத்தின் மேல்தான் பஞ்சாங்கக் கணிதரின் நுண்கலை நின்றது.

அக்கலையை வெளியுலகுக்கு முதலில் விரிவாகச் சொன்னவர்களில் ஒருவர் பிரெஞ்சு வானியலர் லெ ழாந்தீ. வெள்ளி சூரியனைக் கடப்பதைக் காண்பதற்காக 1760இல் பிரான்சை விட்டுக் கிளம்பினார். 1761 கடப்பின்போது புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் இருந்ததால் கடலில், கப்பலிலேயே நிற்க வேண்டியதாயிற்று. 1769 கடப்புக்காகப் புதுச்சேரியில் காத்திருந்தார். அன்று காலை மேகம் மறைத்தது. அந்தக் காத்திருப்பின் ஆண்டுகளில் அவர் செய்த வேலை கடப்பைவிட நமக்குப் பெரிது. தமிழ்க் கணிதர் ஒருவரிடம் கிரகணக் கணக்கைக் கற்றார். எழுதுகோல் இல்லாமல் சோழிகளை வைத்து அவர்கள் கணித்த வேகத்தைக் கண்டு வியந்து எழுதினார்.

வியப்புக்குக் காரணம் உண்டு. கலியுகத் தொடக்கத்திலிருந்து குறித்த நாள் வரை கழிந்த நாள்களின் தொகையை எடுத்துக்கொள்வார்கள். அதிலிருந்து 16,00,984, 12,372, 3,031, 248 என்னும் நாள்கட்டுகளை இந்த வரிசையில் கழித்துக்கொண்டே வருவார்கள். சந்திரன் பூமிக்கு மிக அருகே வருவதற்கும் மறுபடி அதே நிலைக்கு வருவதற்கும் இடைப்பட்ட காலம் ஏறத்தாழ 27.5545 நாள். 248 நாள் அத்தகைய ஒன்பது சுற்று. 3,031 நாள் 110 சுற்று. 12,372 நாள் 449 சுற்று. கழித்தபின் 248க்குக் குறைவாக எஞ்சும் எண்ணுக்கு உரிய வாக்கியத்தை, அதாவது எண்ணைச் சொற்களில் பொதிந்த தொடரைச் சொல்லி, அதன் மதிப்போடு கழித்த கட்டுகளுக்கு உரிய மதிப்புகளையும் கூட்டினால், அன்றைய சந்திரனின் இடம் கிடைக்கும். 248 நாளுக்கும் 248 வாக்கியங்கள், எல்லாம் மனப்பாடம். ராசி, பாகை, கலை என்று சோழிகள் தனித்தனி வரிசையில் நகரும்.

எண்ணை எழுத்தில் ஒளிக்கும் முறை கடபயாதி. 248 நாள்கட்டுக்குத் தேவரம் என்று பெயர்: தே எட்டு, வ நான்கு, ர இரண்டு, ஒன்றின் இடத்திலிருந்து படித்தால் 248. கலாநிலம் என்றால் ஒன்று, மூன்று, சுழி, மூன்று, அதாவது 3,031. பெயரே எண். தமிழ் எழுத்தில் எழுதினால் தகரம் ஆறா எட்டா என்று தெரியாது. கிரந்த எழுத்தோ ஆசான் வாயொலியோ இருந்தால்தான் இக்கணக்கு பிழையின்றிக் கைமாறும். ஆகவே இது குடும்பத்துக்குள்ளும் குருவீட்டுக்குள்ளும் ஓடிய அறிவு.

லெ ழாந்தீக்குப் பிறகு அதை முழுமையாகப் பதிந்தவர் ஜான் வாரன். 1805 முதல் 1811 வரை சென்னை வானோக்கு நிலையப் பொறுப்பை வகித்தவர். அவருடைய கால சங்கலித என்னும் பெருநூல் 1825இல் சென்னையில் அச்சானது. அவர் சந்தித்த புதுச்சேரிக் கணிதர், 1825 மே 31, ஜூன் 1 நாள்களுக்கு இடைப்பட்ட இரவின் சந்திர கிரகணத்தைச் சோழிகளால் கணித்தார். தொடக்க நேரத்தில் பிழை 4 நிமிடம். நடுவில் 23 நிமிடம். முடிவில் 52 நிமிடம். 1952இல் தமிழ் வானியல் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதிய ஓட்டோ நியூகெபவர் இந்தத் துல்லியத்தைவிட அதன் தொடர்ச்சியையே பெரிதாகக் கண்டார்: பாபிலோனியக் கணிதமுறைகளின் தடம் 19ஆம் நூற்றாண்டுத் தமிழ்த் தரையில் உயிரோடு இருந்தது என்பது அவர் முடிவு.

அந்தப் பாராட்டை நான் மதிக்கிறேன். ஆனால் அதோடு நிறைவடைய முடியவில்லை. 52 நிமிடப் பிழையை அந்தக் கணிதரிடம் எடுத்துச் சொல்ல, அவரோடு வாதிட, அடுத்த கணிதருக்கு எழுதி அறிவிக்க யார் இருந்தார்கள்? வாக்கிய முறையில் குறை இல்லை என்பதற்குக் கேரளமே சான்று. அங்கே மாதவர் சந்திர வாக்கியங்களையே மேலும் நுட்பமாக மாற்றி அமைத்தார். பரமேசுவரர் பல்லாண்டுகள் கிரகணங்களை நேரில் நோக்கி, கணக்கும் காட்சியும் ஒத்துவருமாறு 1431இல் திருக்கணித நூலைச் செய்தார். அங்கு ஆசிரியர், மாணவர், மாணவரின் மாணவர் என்று ஒருவர் எழுதியதை அடுத்தவர் சோதிக்கும் வரிசை இருந்தது. நம் கரையில் வாக்கியம் காக்கப்பட்டது, சோதிக்கப்படவில்லை. பஞ்சாங்கம் வாங்கும் வீடுகளில் வாக்கியமா திருக்கணிதமா என்ற சச்சரவு இன்றும் எழுவது இதன் எச்சமே.

இரு உலகங்களையும் இணைக்க முயன்ற ஒருவர் உண்டு. சென்னை வானோக்கு நிலையத்தில் முதல் உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் மாறொளி விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். திருக்கணிதப் பஞ்சாங்கம் வெளியிட்டார். 1874இன் வெள்ளிக் கடப்பை மக்களுக்கு விளக்கிப் பல மொழிகளில் சிறுநூல் எழுதினார். 1880இல் அவர் இறந்தார். அவர் விட்ட இடத்திலிருந்து பஞ்சாங்கக் கணிதர்களையும் கல்லூரிக் கணிதர்களையும் ஒரே மேசைக்குக் கொண்டுவரும் அமைப்பு எதுவும் எழவில்லை. இழப்பு என்று நான் கருதுவது இதைத்தான்.

அமைப்பு வேறு திசையிலிருந்து வந்தது. வருவாய்த் துறையில் துணை ஆட்சியராக இருந்த வி. இராமசாமி ஐயர், 1906 டிசம்பரில் குத்தி என்னும் ஊரிலிருந்து நண்பர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார்: கணித நூல்களும் இதழ்களும் தனியொருவரால் வாங்க முடியாதவை, சந்தா சேர்த்து வாங்கி, அஞ்சலில் ஒருவர் பின் ஒருவராகப் படிக்கலாம். 1907 ஏப்ரலில் 20 உறுப்பினர்களோடு தொடங்கிய அந்தக் கழகமே இந்தியக் கணிதக் கழகம். 1909இல் அதன் ஆய்விதழ் பிறந்தது. பல்கலைக்கழகம் இல்லை, ஆய்வகம் இல்லை, அரசு மானியம் இல்லை. அஞ்சல் நிலையமும் சந்தாவுமே மூலதனம்.

1910இன் பிற்பகுதியில் இராமானுஜன் திருக்கோவிலூருக்கு வந்தபோது இராமசாமி ஐயர் அங்கேதான் பணியில் இருந்தார். கேட்டது தாலுகா அலுவலகத்தில் ஓர் எழுத்தர் வேலை. குறிப்பேடுகளைப் பார்த்தவர், இந்தத் திறமையை வருவாய்த் துறையின் அடிப்படியில் நசுக்கக் கூடாது என்று தீர்மானித்து, சென்னையில் உள்ள கணிதர்களுக்கு அறிமுகக் கடிதம் கொடுத்தார். 1911இல் கழகத்தின் இதழில் இராமானுஜனின் முதல் ஆய்வுக் கட்டுரை, பெர்னூலி எண்களைப் பற்றியது, வெளியானது. அதே ஆண்டில் அவர் வாசகர்களுக்கு ஒரு கேள்வி விடுத்தார்: வர்க்கமூலத்துக்குள் வர்க்கமூலமாக முடிவின்றி நீளும் கோவையின் மதிப்பு என்ன? மூன்று இதழ்கள் கடந்தும் யாரும் விடை அனுப்பவில்லை. அவரே 3 என்று சொன்னார். அவ்விதழில் அவர் விடுத்த கேள்விகள் மொத்தம் 58. கேட்பதற்கு ஓர் இடம், தவறினால் திருத்துவதற்கு ஓர் ஆள்: சோழிக் கணிதருக்குக் கிடைக்காத இரண்டும் இராமானுஜனுக்குக் கிடைத்தன.

இது நமக்கு மட்டும் உரிய கதை அல்ல. ஸ்பானிய மொழி பேசும் உலகமும் ஏறத்தாழ இதே வழியில் வந்தது. அமெரிக்கக் கண்டங்களில் அச்சான முதல் கணித நூல், 1556இல் மெக்சிகோவில் ஹுவான் தியெஸ் வெளியிட்டது. பொன், வெள்ளி வணிகக் கணக்குக்கான கையேடு அது. ஆய்வுச் சமூகம் உருவாக மூன்றரை நூற்றாண்டு ஆயிற்று. ஸ்பானியக் கணிதக் கழகம் 1911இல், நம் கழகத்துக்கு நான்காண்டு கழித்து, தோன்றியது. ஹூலியோ ரெய் பாஸ்தோர் 1917இல் புவெனஸ் ஐரிஸுக்குச் சென்று பாடம் நடத்தினார்; பின்னர் அங்கேயே தங்கினார். 1936இல் அர்ஜென்டினக் கணித ஒன்றியம் எழுந்தது. ஸ்பெயினின் உள்நாட்டுப் போருக்குப் பின் நாடிழந்து வந்த லூயிஸ் சந்தலோவுக்கு அந்தச் சமூகமே வேலையும் தோழமையும் தந்தது. மெக்சிகோவிலிருந்து குடியேறிய பெற்றோருக்கு லாஸ் ஏஞ்சல்ஸில் பிறந்த ரிச்சர்ட் தாப்பியா, ரைஸ் பல்கலைக்கழகத்தில் தம் சமூகத்து மாணவர்களைக் கணித ஆய்வுக்குள் கொண்டுவந்ததும் இந்த மரபின் தொடர்ச்சியே. ஆள் திறமையைவிட, திறமையை ஏந்திக்கொள்ளும் கூட்டம்தான் எங்கும் அரிதாக இருந்திருக்கிறது.

தமிழ்நாட்டில் அக்கூட்டம் பிறகு வலுப்பெற்றது. பிரெஞ்சுப் பாதிரியார் சார்ல் ராசின் 1939 முதல் சென்னை லயோலா கல்லூரியில் புதிய கணிதத்தைக் கற்பித்தார், சி.எஸ். சேஷாத்ரியும் எம்.எஸ். நரசிம்மனும் அவர் மாணவர்கள். ஆனால் அந்த வளர்ச்சியில் சோழிக் கணிதரின் வழித்தோன்றல்களுக்கு இடமில்லை. அவர்கள் அறிவு பஞ்சாங்க அச்சகங்களுக்குள் சுருங்கியது. 1962இல் டி.எஸ். குப்பண்ண சாஸ்திரியும் கே.வி. சர்மாவும் வாக்கியகரணத்தைப் பதிப்பித்தபோதுதான் அந்த முறையின் மூலநூல் ஆய்வாளர் கைக்கு வந்தது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் து. செந்தில் பாபு திண்ணைப் பள்ளிக் கணக்கையும் ஊர்க்கணக்கரின் கணிதத்தையும் ஆராய்ந்து 2022இல் நூலாக்கியிருக்கிறார். உழைப்பவர் கையில் இருந்த கணிதத்தை வரலாற்றுக்குள் கொண்டுவந்த அரிய பணி அது.

இன்னும் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. புதுச்சேரிக்கும் மரக்காணத்துக்கும் இடைப்பட்ட ஊர்களில் பஞ்சாங்கம் கணித்த குடும்பங்கள், கணக்குப்பிள்ளை வீடுகள், உப்பளக் கணக்கு எழுதிய வீடுகள் இருந்திருக்கின்றன. உங்கள் வீட்டுப் பரணில் எண்களும் பொருள் விளங்காத சொற்றொடர்களும் நிறைந்த சுவடியோ பழைய பேரேடோ இருந்தால், அதை ஆடிப்பெருக்கன்று ஆற்றில் விட வேண்டாம்; பழைய பேப்பர்காரரிடம் போடவும் வேண்டாம். சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்திடமோ புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்திடமோ காட்டுங்கள்.