ஒளிக்கு எழுதிவைத்த குறிப்பேடு

கணிப்பொறி வரைந்து தரும் ஒரு படத்தைக் காண்கிறவர்கள் அதிலுள்ள மேசையையும் விளக்கையும் ஜன்னலையும் காண்கிறார்களேயன்றி, ஓர் ஒளிக்கதிர் சுவர்களில் எத்தனை தடவை பட்டுத் திரும்பலாம், ஒரு படப்புள்ளிக்கு எத்தனை மாதிரிகள் எடுக்கப்பட வேண்டும், நிழலின் ஓரம் எவ்வளவு நுட்பமாகக் கணக்கிடப்பட வேண்டும் என்றெல்லாம் யாரோ ஒருவர் முன்கூட்டியே விதித்து வைத்த நிபந்தனைகளைக் காண்பதில்லை. ரெண்டரிங் என்று அத்தொழிலில் உள்ளோர் வழங்கும் இக்காரியத்தில் உருவங்கள் பாதி என்றால், செட்டிங்ஸ் எனப்படும் இந்த நிபந்தனைகள் மறுபாதி. இவற்றை மனிதர் வாசிக்கத்தக்க எழுத்தில் பதிந்து வைக்கும் வழக்கம் எவ்வாறு தோன்றிற்று, இடையில் எவ்வாறு மங்கிற்று, பிறகு சின்னஞ்சிறு ஸ்கிரிப்டுகளின் வாயிலாக எவ்வாறு மீண்டது என்பது, இக்கலையின் சரித்திரத்தில் அதற்குரிய கௌரவத்தைப் பெறாத அத்தியாயம் என்பது என் அபிப்பிராயம்.

அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துவந்த மார்ட்டின் நியூவெல், 1975இல் தம் வீட்டுத் தேநீர்க் கெண்டியைக் கட்டத்தாளில் கையால் வரைந்து, அதன் வளைவுகளை நிர்ணயிக்கும் புள்ளிகளை எண்களாகக் கணிப்பொறியில் ஏற்றினார். எண்களின் பட்டியலாக இருந்த காரணத்தினாலேயே அக்கெண்டி ஆராய்ச்சிக்கூடம் தோறும் சுலபமாகச் சஞ்சரித்தது. ஆனால் அதை வரைந்த ஒவ்வொருவர் படத்திலும் அது வெவ்வேறு தோற்றம் கொண்டது. ஏனெனில் உருவம் எழுத்தில் பிரயாணம் செய்ததே தவிர, அதன்மேல் விழுந்த வெளிச்சமும் அதை நோக்கிய கோணமும் கணக்கின் நுட்பமும் அவரவர் எழுதிய நிரலுக்குள்ளேயே தங்கிவிட்டன.

அந்த மறுபாதியையும் எழுத்தில் கொணரும் பெருமுயற்சி ஒன்றைத் தொடங்கியது, 1986இல் தனி நிறுவனமாகப் பிரிந்து நின்ற பிக்சார். அச்சிடும் பக்கங்களை வருணிப்பதற்கு அடோபி நிறுவனத்தின் போஸ்ட்ஸ்கிரிப்ட் ஒரு பொதுமொழியாக விளங்கியதைப் போல, முப்பரிமாணக் காட்சிகளை வருணிப்பதற்கும் ஒரு பொதுமொழி வேண்டும் என்ற நோக்கத்துடன், பேட் ஹான்ரஹான் என்பார் தலைமைச் சிற்பியாக நின்று வகுத்த ரெண்டர்மேன் இடைமுகத்தின் விதிகள் 1988இல் வெளியிடப்பட்டன. ரிப் என்ற பெயருடைய அதன் கோப்புகளில் ஒன்றைத் திறந்து பார்த்தால், ‘ஃபார்மட் 640 480 1’ என்று படத்தின் அளவும், ‘பிக்ஸல்சாம்பிள்ஸ் 2 2’ என்று ஒரு புள்ளிக்குக் குறுக்கே இரண்டும் நெடுக்கே இரண்டுமாக எடுக்கப்படும் மாதிரிகளும், ‘ஷேடிங்ரேட் 1’ என்று நிறக்கணக்கின் நுட்பமும் வரிவரியாக நிற்கக் காணலாம். இவற்றுக்கெல்லாம் கீழே ‘வேர்ல்ட்பிகின்’ என்ற ஒரு கட்டளை வரும். அந்த வரியைத் தாண்டியபின், மேலே சொன்னவற்றில் படத்தின் அளவையும் மாதிரிகளின் எண்ணிக்கையையும் மாற்றுவதற்கு அனுமதி இல்லை. அதற்குப் பிறகு வருவதெல்லாம் விளக்குகளும் உருவங்களும் அவற்றின் பண்புகளுமே. நிபந்தனை வேறு, உலகம் வேறு என்ற பாகுபாட்டை ஒரே ஒரு வரியால் இவ்வளவு தெளிவாக நிலைநிறுத்திய மதிநுட்பம் என்னைப் பலமுறை வியக்க வைத்திருக்கிறது. அதே கோப்பை இடச்சிக்கனம் கருதி இயந்திரம் மட்டுமே அறியும் இருமக் குறியீட்டிலும் எழுதலாம். அவ்வாறு எழுதியதை மீண்டும் வாசிக்கத்தக்க எழுத்துக்குக் கொண்டுவர ‘கேட்ரிப்’ என்றொரு சிறு நிரலும் உடன் தரப்பட்டிருந்தது.

இதே காலத்தில், திரைப்படங்களுக்குச் சம்பந்தமில்லாத வேறோரிடத்தில், இந்த வழக்கம் இதைவிட ஆழமாக வேரூன்றிற்று. கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் கிரெக் வார்ட் 1985 முதல் உருவாக்கிவந்த ரேடியன்ஸ், கண்ணுக்கு இனிய படத்தைத் தருவதோடு அமையாமல், இன்னும் கட்டப்படாத ஒரு கட்டடத்தின் அறையில் பகல் வெளிச்சம் எத்தனை அளவு இருக்கும் என்பதை முன்னறிந்து சொல்ல வேண்டிய மென்பொருள். அதன் விடையை நம்பி ஜன்னலின் அகலம் நிர்ணயிக்கப்படும் என்னும்போது, அந்த விடை எந்த நிபந்தனைகளின்கீழ் கிடைத்தது என்பதை மறைத்து வைக்க இடமேது? ஆகவே ரேடியன்ஸ் எழுதும் ஒவ்வொரு படக்கோப்பின் தலைப்பகுதியும் சாதாரண எழுத்தில் அமைந்தது. முதல் வரியில் மென்பொருளின் பெயர். அதன்கீழ், படத்தை உண்டாக்கிய கட்டளை அதன் அளவுகள் அனைத்துடனும் அப்படியே. பின்னர் வெளிச்சத்தைத் திருத்தியதோ அளவைக் குறைத்ததோ ஏதேனும் நிகழ்ந்திருந்தால் அக்கட்டளைகளும் ஒன்றன்கீழ் ஒன்றாக. முடிவில் ஒரு வெற்று வரி, அதற்கப்பால் படம். ‘கெட்இன்ஃபோ’ என்ற நிரலிடம் கோப்பைக் கொடுத்தால், அது இந்தத் தலைப்பகுதியை மட்டும் எடுத்து வாசித்துக் காட்டிவிடும். இரண்டு படங்களைச் சேர்த்து மூன்றாவதொன்றை உண்டாக்கினால், தாய்ப்படங்களின் வரலாறும் சற்று உள்தள்ளி அதிலே எழுதப்படும். தன் பிறப்பு வரலாற்றைத் தானே சுமந்து செல்லும் படம் என்ற இந்தக் கருத்துக்காக, வார்டுக்கு இத்துறை பெரிதும் கடன்பட்டிருக்கிறது.

அமிகா கணிப்பொறியில் டேவிட் பக் எழுதிய நிரலிலிருந்து கிளைத்து, ஆர்வலர்கள் பலர் கூடி வளர்த்த பாவ்ரே என்னும் மென்பொருளிலும் காட்சி முழுவதும் கையால் எழுதப்படும் வாசகமே. படத்தின் அகலம், உயரம், தரம் ஆகியவை தனியாக ஓர் ஐனி கோப்பில் இடம்பெறும்.

இவ்வளவு நன்றாக வேரூன்றிய வழக்கம் மங்கியதற்குக் காரணம், ஜன்னல்களும் பொத்தான்களும் கொண்ட மென்பொருள்களின் வருகை. அவை தந்த சௌகரியத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை; விளக்கை நகர்த்திய மாத்திரத்தில் நிழல் நகரக் காண்பது கலைஞனுக்குப் பெரும் பாக்கியமே. எனினும் மாதிரிகளின் எண்ணிக்கை ஒரு மூலையிலும், ஒளி திரும்பும் தடவைகள் மற்றொரு பலகையிலும், கோப்பின் வகை மூன்றாவதொரு பட்டியலிலுமாகச் சிதறிக் கிடக்க, அனைத்தையும் ஒருசேரக் காணும் வழி அடைபட்டது. 1998இல் வெளிவந்த மாயா, வாசகக் கோப்பு ஒன்று, இருமக் கோப்பு ஒன்று என இரண்டு வகைகளை அளித்து ஓரளவு பழைய மரபைக் காத்தது. நெதர்லாந்தில் டான் ரோசெண்டால் உருவாக்கிய பிளெண்டரோ, நினைவகத்தில் உள்ளதை ஏறக்குறைய உள்ளபடியே கோப்பில் கொட்டிவிடும் முறையைக் கைக்கொண்டது. திறப்பதிலும் சேமிப்பதிலும் அம்முறைக்கு நிகரான வேகம் இல்லை. ஆயினும் வாசக எடிட்டர் ஒன்றில் அக்கோப்பைத் திறக்கிற மனிதருக்கு அது முழு இருட்டு.

அந்த இருட்டில் வழி திறந்தது பைதான் என்னும் நிரல்மொழி. 2002இல் ஒரு லட்சம் யூரோவை ஏழே வாரங்களில் பொதுமக்களிடம் திரட்டித் திறந்த மென்பொருளாக விடுதலை செய்யப்பட்ட பிளெண்டர், 2009இல் முதல் சோதனை வடிவம் கண்ட 2.5 வரிசையில், தன்னுள் இருக்கும் ஒவ்வொரு அமைப்பும் தன் பெயரையும் வகையையும் விளக்கத்தையும் தானே சொல்லும்படி மாற்றி எழுதப்பட்டது. அதன்பின், ரெண்டர் அமைப்புகளின் பட்டியலை ஒன்றன்பின் ஒன்றாக நடந்து, மாற்ற இயலாதவற்றை விலக்கி, மற்றவற்றைப் பெயர், சமக்குறி, மதிப்பு என்று கோப்பில் இறக்கிவிட ஒரு பக்கத்துக்குள் அடங்கும் ஸ்கிரிப்ட் போதுமானதாயிற்று. பிளெண்டர் தானே தன் முன்னமைவுகளைச் சேமிப்பதும் இவ்விதமே; ‘ரெசல்யூஷன்_எக்ஸ் = 1920’ என்பது போன்ற வரிகளாலான அச்சிறு பைதான் கோப்புகளை மனிதர் வாசிக்கலாம், மென்பொருளோ அவற்றை இயக்கி அதே நிலைக்குத் திரும்பிவிடலாம்.

இத்தகைய ஸ்கிரிப்டை எழுதப் புகுகிறவர்கள் சந்திக்கும் சங்கடங்கள் சிறியவை போலத் தோன்றினும் கவனத்துக்குரியவை. திரையில் 0.1 என்று தெரிகிற ஓர் அளவு, குறைந்த நுட்பத்தில் சேமிக்கப்பட்டிருப்பதால், கோப்பில் 0.10000000149011612 என்று நீண்டுவிடும். வாசிப்பவர் நலன் கருதி அதைக் குறுக்கி எழுத வேண்டும். வரிகளை அகரவரிசையில் நிறுத்தினால்தான், நேற்றைய கோப்பையும் இன்றைய கோப்பையும் பக்கத்தில் வைத்து, 128 மாதிரிகள் 512 ஆனதை ஒரே பார்வையில் கண்டுபிடிக்க முடியும். எல்லாவற்றுக்கும் மேலாக, மென்பொருளின் பதிப்பு எண் தலைவரியில் இடம்பெற்றாக வேண்டும். பதிப்பு மாறும்போது ஒரே பெயருள்ள அமைப்பின் பொருளும் மாறிவிடக்கூடும், அமைப்பே காணாமலும் போய்விடக்கூடும். இந்த ஒரு வரியை விட்டுவிட்ட கோப்பு, மற்றபடி எவ்வளவு செம்மையாக இருந்தாலும், எனக்கு நம்பிக்கை தருவதில்லை.

பிக்சாரும் இந்தப் பழைய பாதைக்கு வேறொரு வடிவில் திரும்பிற்று. தன் காட்சிக் கோப்புகளுக்காக அது வகுத்த யூஎஸ்டி என்னும் முறை 2016இல் அனைவருக்கும் திறந்துவிடப்பட்டது. அதிலும் இரு வடிவங்கள் உண்டு: வாசிப்பதற்கு யூஎஸ்டிஏ, வேகத்துக்கு யூஎஸ்டிசி. ஒன்றை மற்றொன்றாக மாற்றித் தரும் நிரலுக்கு ‘யூஎஸ்டிகேட்’ என்று பெயர். பின்னர் அம்முறையில் ரெண்டர் அமைப்புகளுக்கென்றே தனியொரு வகை சேர்க்கப்பட்டது. படத்தின் அளவும், எந்தக் கேமரா என்பதும், எந்தெந்தப் படங்கள் எந்தப் பெயரில் எழுதப்பட வேண்டும் என்பதும், உருவங்களோடு கலவாமல் அதனுள் வரிவரியாக நிற்கின்றன.