பூ முகரும் காளையும் நச்சுக் காளானும்

1938-இல் நியூரம்பர்க் நகரில் ‘நச்சுக் காளான்’ என்றொரு படப்புத்தகம் வெளிவந்தது. எழுதியவர் எர்ன்ஸ்ட் ஹீமர். வெளியிட்டவர் யூத வெறுப்பையே பிழைப்பாகக் கொண்டிருந்த யூலியஸ் ஸ்ட்ரைஷர். காட்டில் காளான் பறிக்கும்போது நல்லது எது, நஞ்சு எது என்று தாய் மகனுக்குக் காட்டுகிறாள். அப்படியே பேச்சை நகர்த்தி, மனிதர்களுள் நச்சுக் காளான் யூதர்களே என்கிறாள். தொழில்முறையில் பார்த்தால் குறை சொல்ல ஏதுமில்லை. பளிச்சென்ற வண்ணம், பழகிய காட்சி, நம்பத்தக்க தாயின் குரல், பக்கத்துக்குப் பக்கம் ஒரே பாடம்: இன்று பிள்ளைகளுக்குச் சமாதானம் கற்பிக்க எழுதப்படும் புத்தகங்கள் கையாளும் உத்திகள் அத்தனையும் அதில் உண்டு. போருக்குப் பின் நியூரம்பர்க் வழக்கில் அந்தப் புத்தகமும் சாட்சியமாக வைக்கப்பட்டது. 1946 அக்டோபரில் ஸ்ட்ரைஷர் தூக்கிலிடப்பட்டார். ஆனால், அதைப் படித்து வளர்ந்த பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களுக்கு எதைக் கொடுப்பது? வெறுப்பைக் கற்பித்த அதே கருவியில் அன்பை நிரப்பிக் கொடுத்தால் போதுமா? போதாது என்பதே என் வாதம். அதற்கான சான்று மியூனிக்கில் இருக்கிறது.

யெல்லா லெப்மன் ஸ்டுட்கார்ட்டில் பிறந்த யூதப் பத்திரிகையாளர். 1936-இல் நாட்டைவிட்டு இங்கிலாந்துக்குப் போனவர், 1945-இல் அமெரிக்கப் படையின் பெண்கள், சிறுவர் நல ஆலோசகராகத் திரும்பி வந்தார். வீடில்லை, ரொட்டியில்லை என்ற ஊரில் அவர் கேட்டது பிள்ளைகளுக்கான புத்தகம். அதுவும் பணம் கொடுத்து அல்ல. நேற்றுவரை ஜெர்மனியோடு போரிட்ட நாடுகளுக்கே கடிதம் எழுதி இலவசமாகக் கேட்டார். அப்படி வந்த புத்தகங்களின் கண்காட்சி 1946 ஜூலை 3 அன்று திறந்தது. இடம், ஹிட்லர் 1937-இல் தொடங்கிவைத்த மியூனிக் கலைமாளிகை. அங்கே ‘பகைவரை நேசி’ என்று எழுதிய புத்தகங்களை அவர் தேடிப்பிடித்து அடுக்கவில்லை. பிரெஞ்சுப் பிள்ளை சிரிக்கப் படிக்கும் புத்தகமும் ஆங்கிலேயப் பிள்ளை தூங்கப்போகும்போது கேட்கும் கதையும் அருகருகே இருந்தன. வாசிக்க மொழி தெரியாவிட்டாலும் படம் புரிந்தது. ஒரே தாயின் குரல் மட்டுமே கேட்டு வளர்ந்த பிள்ளைக்குப் பல வீட்டுக் குரல்கள் ஒரே நேரத்தில் கேட்டன. எதை எடுப்பது என்பதும் அந்தப் பிள்ளையின் விருப்பம். 1949 செப்டம்பரில் இதுவே சர்வதேச இளைஞர் நூலகமாக நிலைபெற்றது.

லெப்மனும் போதனைக் கதையை நாடினாரே என்று கேட்கலாம். உண்மைதான். மன்ரோ லீஃப் எழுதி ராபர்ட் லாசன் படம் வரைந்த ‘ஃபெர்டினாண்ட்’ என்ற காளையின் கதையை (1936) அவரே ஜெர்மனுக்குக் கொண்டுவந்தார். செய்தித்தாள் காகிதத்தில் 30,000 பிரதிகள் அச்சாகி பெர்லின் பிள்ளைகளுக்கு இலவசமாகப் போயின. ஆனால் அந்தக் காளை எந்தச் சண்டையையும் தீர்த்துவைக்கவில்லை. காளைச்சண்டைக் களத்துக்கு இழுத்துவந்த பிறகும் பூ வாசனையை முகர்ந்துகொண்டு உட்கார்ந்துவிட்டது, அவ்வளவே. லெப்மன் யோசனை சொல்ல, எரிக் கேஸ்ட்னர் எழுதி வால்டர் ட்ரியர் வரைந்த ‘விலங்குகளின் மாநாடு’ (1949) இன்னும் வில்லங்கமானது. பேசிப் பேசி ஓய்ந்த அரசியல்வாதிகளைப் பணியவைக்க, விலங்குகள் உலகத்துப் பிள்ளைகளையெல்லாம் கடத்தி ஒளித்துவைக்கின்றன. அதன் பிறகே சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்து விழுகிறது. சமரசம் பேசும் முறையைக் கற்பிக்கும் பாடநூலாக இவ்விரண்டையும் எந்த ஆசிரியரும் பரிந்துரைக்க மாட்டார். இவை நிலைத்ததற்குக் காரணம் பாடமல்ல. பெரியவர்கள் சொல்வது தவறாகவும் இருக்கலாம் என்ற சந்தேகத்தை இவை பிள்ளையிடம் விட்டுச்செல்கின்றன. நச்சுக் காளான் புத்தகம் அனுமதிக்காத ஒரே விஷயம் அந்தச் சந்தேகம்தான்.

வென்ற படையின் நிழலில் நடந்த காரியம்தானே, இதுவும் ஒரு பிரச்சாரம் அல்லவா என்பது வலுவான மறுப்பு. படையின் ஆதரவில்லாமல் கண்காட்சி திறந்திருக்காது. பிறகு நூலகம் எழும்போதும் அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை உதவியது. ஆனாலும் தன் நாட்டுப் புத்தகத்தை மட்டும் அடுக்கும் பிரச்சாரத்துக்கும், பல நாடுகளும் தாமே தெரிந்தெடுத்து அனுப்பியதை ஒரே கூரையின்கீழ் வைப்பதற்கும் வேறுபாடு உண்டு. இரண்டாவதில் எந்த ஒரு நாட்டின் குரலும் முழு அதிகாரம் பெற முடியாது. இதனால் எத்தனை பிள்ளைகளின் மனம் மாறியது என்ற கேள்விக்கு எண்ணிக்கையில் பதில் கிடைக்காது. நூலகத்தின் வேலையை அப்படி அளக்கவும் முடியாது. பெரியவர்கள் விஷயத்தில் ஒரு சான்று உண்டு. ஜெர்மானியர் இருமுறை படையெடுத்த நாடு பெல்ஜியம். புத்தகம் அனுப்ப முடியாது என்று முதலில் மறுத்துவிட்டது. லெப்மன் விடவில்லை. மூன்றாம் முறை அப்படி நேராதிருக்க வேண்டுமென்றால் பிள்ளைகளிடமிருந்துதான் தொடங்க வேண்டும் என்று மீண்டும் எழுதினார். பெல்ஜியத்தின் புத்தகங்கள் வந்து சேர்ந்தன.