வெள்ளம், குளிர், வீடற்றோர்: பொறுப்பு யாருடையது?



உள்ளூராட்சிப் பாடம் நடத்தும்போது, "குளிர்காலத்தில் வீடற்றவருக்கு இடம் தருவது யாருடைய கடமை?" என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள். "நம்ம ஊர்ல ஏது சார் குளிர்?" என்று பின்வரிசையிலிருந்து பதில் வரும். உண்மைதான், பத்து பாகாட்டில் பனி பெய்வதில்லை. ஆனால் பருவமழையில் நனைந்த துணியோடு கடைவரிசையின் அஞ்சடியில் படுத்திருப்பவருக்கு அதுதான் குளிர்காலம். ஆகவே இந்தக் கேள்வி நமக்கும் உரியதே.

1. வெள்ளம் வந்தால்

சிம்பாங் கிரி, சிம்பாங் கானான் ஆறுகள் சேர்ந்துதான் பத்து பாகாட் ஆறு ஆகிறது. சுற்றிலும் தாழ்வான சமநிலம். கடல் ஏற்றத்தின்போது வெள்ளம் வடிய வழியில்லை. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜொகூரை அடுத்தடுத்து தாக்கிய வெள்ளத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீட்டை விட்டு வெளியேறினர். 2023 மார்ச்சில் மறுபடியும் வெள்ளம். மற்ற மாவட்டங்களில் நீர் வடிந்த பிறகும் பத்து பாகாட் மாவட்டத்தில் பல நாள் தேங்கி நின்றது.

அப்போது யார் இடம் கொடுத்தது? பள்ளி மண்டபங்கள், வகுப்பறைகள், சமூக மண்டபங்கள். நம்மில் பலர் கரும்பலகைக்கு முன்னால் பாய் விரித்திருந்ததைப் பார்த்திருக்கிறோம். இதற்குப் பின்னால் ஒரு நிர்வாக ஏற்பாடு இருக்கிறது. 1993-இல் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடி சரிந்ததையடுத்து, 1997-இல் தேசியப் பாதுகாப்பு மன்றம் தன் 20-ஆம் எண் ஆணையை வெளியிட்டது. மத்திய, மாநில, மாவட்ட அளவில் பேரிடர் குழுக்கள் அமைந்தன. மாவட்டக் குழுவுக்குத் தலைவர் மாவட்ட அதிகாரி. நிவாரண மையங்களைக் கவனிப்பது சமூக நல இலாகா. 2015-இல் 'நட்மா' என்ற தேசியப் பேரிடர் நிர்வாக அமைப்பும் வந்தது.

இதில் நகராண்மைக் கழகம் துணை நிற்கிறதே தவிர, தலைமை அதனிடம் இல்லை. இதை மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

2. வெள்ளம் இல்லாத நாளில்

வீடு மூழ்கியவருக்கு மையம் திறக்கிறது. நீர் வடிந்ததும் மையம் மூடுகிறது, அவர் வீடு திரும்புகிறார். திரும்ப வீடே இல்லாதவர்?

அவருக்குப் பொருந்துவது 1977-ஆம் ஆண்டு ஆதரவற்றோர் சட்டம். சமூக நல அதிகாரியோ, உள்ளூராட்சி மன்றம் எழுத்து மூலம் அதிகாரம் அளித்த அலுவலரோ அவரைப் பிடித்து, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தலாம். அதன்பின் அவரை நல இல்லத்துக்கு அனுப்ப நீதிமன்றம் ஆணையிடலாம். ஜொகூரில் மெர்சிங்கில் 'டேசா பினா டிரி' இல்லம் உள்ளது.

கவனியுங்கள்: பிடித்துச் செல்ல உள்ளூராட்சிக்கு அதிகாரம் உண்டு. ஆனால் மழை இரவில் கதவைத் திறந்து "உள்ளே வா" என்று சொல்லும் கடமையை இந்தச் சட்டம் அதன்மேல் வைக்கவில்லை. அதிகாரம் வேறு, கடமை வேறு.

3. அதே 1977, வேறொரு சட்டம்

இங்கிலாந்தில் 1601-ஆம் ஆண்டின் ஏழைகள் சட்டம், ஊர் ஏழைகளை அந்தந்தத் திருச்சபை வட்டாரமே பராமரிக்க வேண்டும் என்றது. 1824-ஆம் ஆண்டுச் சட்டமோ வெளியில் படுத்துறங்குவதைக் குற்றமாக்கியது. பராமரிப்பு, தண்டனை என்ற இந்த இரு மரபுகளும் நீண்ட காலம் அருகருகே நடந்தன. 1977-இல் வீடற்றோர் வீட்டுவசதிச் சட்டம் உள்ளூராட்சிகளுக்கு நேரடிக் கடமை விதித்தது. சிறு பிள்ளைகள் உள்ள குடும்பம், கர்ப்பிணி, முதியோர் ஆகியோருடன் வெள்ளத்தாலோ தீயாலோ வீடிழந்தவரும் முன்னுரிமைப் பட்டியலில் இடம்பெற்றார். தனியாள், உடல்நலம் உள்ளவர் என்றால் விடுபட்டுப் போனார். கடுங்குளிரில் அவர்களுக்கும் இடம் தரும் வழக்கம் இன்று அங்கே இருக்கிறது. ஆனால் அது நடைமுறைதான், சட்டக் கடமை இல்லை.

இந்தியாவில் 2009 டிசம்பர் குளிரில் டில்லி மாநகராட்சி ஒரு தற்காலிக உறைவிடத்தை அகற்றியது. விவகாரம் உச்ச நீதிமன்றம் சென்றது. 2010-இல், பெருநகரங்களில் லட்சம் மக்களுக்கு ஓர் உறைவிடம் வேண்டும், அதுவும் ஆண்டு முழுவதும் திறந்திருக்க வேண்டும் என்று நீதிமன்றம் வலியுறுத்தியது. குளிர் அதிகமில்லாத சென்னையிலும் மாநகராட்சி உறைவிடங்களை நடத்துகிறது.

4. நம் முன்னோர் கதை

1907-இல் தொடங்கிய குடியேற்ற நிதி, தோட்ட முதலாளிகளின் பணத்தில் தமிழ்த் தொழிலாளர்களைக் கப்பலேற்றிக் கொண்டுவந்தது. 1930-களின் பொருளாதார மந்தத்தில் வேலையில்லாதவரை அதே நிதி திருப்பி அனுப்பியது. தோட்டத்தில் வேலை இருந்தால்தான் லயத்தில் வீடு. வேலை போனால் வீடும் போச்சு. வீடு என்பது உரிமையாக இல்லாமல் வேலையோடு ஒட்டிய சலுகையாக இருந்தால் என்ன ஆகும் என்பதை நம் சமூகம் அனுபவித்துத் தெரிந்துகொண்டது.

5. விடை எழுதும்போது

ஒரு பக்கம் மட்டும் எழுதிவிடாதீர்கள். சமூக நலம், நாடோடித்தனம் இரண்டும் கூட்டரசு அரசியலமைப்பின் பொதுப் பட்டியலில் உள்ளவை. மத்திய, மாநில அரசுகள் இரண்டுக்கும் பொறுப்பு உண்டு. நகராண்மைக் கழகம் பெரிதும் மதிப்பீட்டு வரியை நம்பியிருக்கிறது, பெரிய சுமையை அதன் தலையில் மட்டும் ஏற்றுவது நியாயமா என்று கேட்கலாம். மறுபக்கம், அஞ்சடியில் யார் படுத்திருக்கிறார் என்பது அந்த ஊருக்குத்தான் முதலில் தெரியும். கோலாலம்பூர் மாநகர் மன்றம் ஜாலான் பங்கோரில் வீடற்றோர் மையம் நடத்துவது, உள்ளூராட்சியால் முடியும் என்பதற்குச் சான்று. 1965-இல் நிறுத்தப்பட்ட உள்ளூராட்சித் தேர்தல் இன்னும் திரும்பவில்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள்; கேள்வி கேட்க வாக்கு இல்லாதபோது கடமையை யார் நினைவூட்டுவது?

பலருக்குப் பொறுப்பு என்று எழுதிவைத்தால் கடைசியில் யாருக்கும் பொறுப்பில்லாமல் போகும் ஆபத்து உண்டு. வெள்ளத்துக்கு யார் தலைவர் என்று ஓர் ஆணை பெயர் சொன்னது, அதனால் கதவு திறந்தது. சாதாரண மழை இரவுக்கும் அப்படி ஒரு பெயர் வேண்டும்.

பயிற்சி வினாக்கள்

1. 'அதிகாரம்', 'கடமை' இரண்டையும் 1977-இன் இரு சட்டங்களைக் கொண்டு வேறுபடுத்துக.
2. பேரிடர் நிர்வாகத்தில் மாவட்ட அதிகாரியின் பங்கை விளக்குக.
3. வீடற்றோருக்கு உறைவிடம் தருவது உள்ளூராட்சியின் சட்டக் கடமையாக வேண்டுமா? உங்கள் ஊரை முன்வைத்து வாதிடுக.