சூரியக் காற்றின் வேதிச்சேர்க்கை

சூரியனின் வெளி வளிமண்டலமான கொரோனாவிலிருந்து இடைவிடாது வெளியேறும் மின்னூட்டத் துகள்களின் ஓட்டம் சூரியக் காற்று. இதில் பெரும்பகுதி எலெக்ட்ரான்களும் புரோட்டான்களும். ஹீலியம் கருக்களான ஆல்ஃபா துகள்கள் சில விழுக்காடு. ஆக்சிஜன், நியான், இரும்பு போன்றவை மிகச் சொற்பம். சூரியன் எதனால் ஆனது என்பதற்கு இது நேரடிச் சான்று. ஆனால் அப்படியே நம்பத்தக்க சான்று அல்ல.

சூரியப் பொருளைப் பற்றி முதலில் பேசியது ஒளிதான். 1868 ஆகஸ்ட் 18 முழு சூரிய கிரகணத்தின் பாதை குண்டூர், மசூலிப்பட்டினம் வழியே சென்றது. சென்னை அதற்குத் தெற்கே விலகியிருந்தது. சென்னை வானாய்வகத்தின் நார்மன் போக்சன் மசூலிப்பட்டினம் சென்று நோக்கினார். குண்டூரில் பிரெஞ்சு அறிஞர் பியர் ஜான்சன் இருந்தார். அப்போது பதிவான மஞ்சள் நிறமாலைக் கோடு, பின்னர் நார்மன் லாக்கியரின் ஆய்வால் ஹீலியம் என்ற புதிய தனிமத்தின் அடையாளமாயிற்று. 1895இல் வில்லியம் ராம்சே அதைப் பூமியிலேயே பிரித்தெடுத்தார். ஆயினும் சூரியனின் கண்ணுக்குத் தெரியும் பரப்பான ஒளிக்கோளத்தின் சுமார் 5,500 டிகிரி செல்சியஸ் வெப்பம் ஹீலியத்தைக் கிளர்த்தப் போதாது. சூரியனில் கண்டறியப்பட்ட தனிமத்தின் அளவை அப்பரப்பின் ஒளியைக் கொண்டு கணிக்க முடியவில்லை.

எனவே துகள்களையே பிடித்து எண்ண வேண்டியதாயிற்று. 1969இல் அப்பல்லோ 11 வீரர்கள் நிலவில் விரித்த சுவிஸ் அலுமினியத் தாள் ஹீலியம், நியான் அணுக்களைச் சிறைப்பிடித்தது. 2023 செப்டம்பர் 2 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட ஆதித்யா எல்-1 விண்கலத்தில், அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தின் ஆஸ்பெக்ஸ் கருவி புரோட்டான்களையும் ஆல்ஃபா துகள்களையும் தனித்தனியே அளக்கிறது.

இங்கே வலுவான மறுப்பு ஒன்று எழும். சூரிய அதிர்வுகளின்படி அதன் வெளியடுக்கில் நூறு ஹைட்ரஜன் அணுக்களுக்கு எட்டரை ஹீலியம் அணுக்கள் உள்ளன. வேகக் காற்றில் நான்கைந்துதான், சூரியன் அடங்கிய ஆண்டுகளின் மெதுவான காற்றில் இரண்டுக்கும் குறைவு. எளிதில் அயனியாகும் இரும்பும் மக்னீசியமும் மெதுவான காற்றில் மிகுந்தே வருகின்றன. வழியிலேயே சலிக்கப்பட்ட மாதிரியை எப்படி நம்புவது? அயனியாக்கத்தால் நேரும் சலிப்பு தனிமங்களைப் பிரிக்கிறது. ஒரே தனிமத்தின் ஐசோடோப்புகளை ஏறக்குறைய ஒன்றாகவே விடுகிறது. எஞ்சும் நிறை வேறுபாட்டின் விளைவு சிறியது, அதைத் திருத்திக்கொள்ளலாம். 2001 முதல் 2004 வரை காற்றைச் சேகரித்துத் திரும்பிய ஜெனசிஸ் கலம் இப்படித்தான், சூரியனில் ஆக்சிஜன்-16 பூமியைவிடக் கூடுதல் விகிதத்தில் உள்ளதைக் காட்டியது. தனிமங்களின் அளவுக்கு ஒளியையும் அதிர்வையும், ஐசோடோப்புகளுக்குக் காற்றையும் கேட்பதே முறை. ஹீலியக் குறைவோ, காற்று சூரியனின் எப்பகுதியிலிருந்து எவ்வாறு புறப்பட்டது என்பதற்குத் தடயமாகிறது.