ஸ்ரெப்ரெனிட்சா: பாதுகாப்பு வலயத்தின் கதை

ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 11 அன்று போஸ்னியாவின் பொடொச்சாரி என்னும் சிற்றூரில் ஜனாஸா தொழுகை நடைபெறுகிறது. பச்சைத் துணி போர்த்திய பேழைகள் வரிசையாக வைக்கப்பட்டிருக்கும். அவற்றில் பல, ஒருவரே தூக்கிவிடும் அளவுக்குக் கனமற்றவை. உள்ளே இருப்பவை சில எலும்புகள் மட்டுமே. இறந்தவர்கள் 1995இல் கொல்லப்பட்டவர்கள். மய்யித்தை விரைந்து அடக்கம் செய்யப் பணிக்கப்பட்ட சமுதாயத்தில், ஒரு தாய் தன் மகனுக்கு மண் அள்ளிப் போட இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது எப்படி?

விடையை ஐ.நா. பாதுகாப்பு அவையின் தீர்மானங்களிலிருந்தே தொடங்க வேண்டும். 1991 செப்டம்பரில் யூகோஸ்லாவியா முழுமைக்கும் ஆயுதத் தடை விதிக்கப்பட்டது. எல்லோருக்கும் பொதுவான தடை என்று தோன்றும். ஆனால் பழைய கூட்டரசுப் படையின் பீரங்கிகளும் கிடங்குகளும் பெரும்பாலும் செர்பியத் தரப்பிடம் சென்றுவிட்டிருந்தன. தடையின் சுமை வெறுங்கையோடு நின்றவர்கள் மீதே விழுந்தது. போஸ்னியாவுக்கு அத்தடையிலிருந்து விலக்குக் கோரிய வரைவு 1993 ஜூனில் வாக்கெடுப்புக்கு வந்தபோது ஆதரவாக 6 வாக்குகள் கிடைத்தன. எதிர்த்து ஒருவரும் வாக்களிக்கவில்லை. 9 நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கின. தீர்மானம் அப்படியே விழுந்தது.

அதற்குச் சில வாரங்கள் முன்பு, 1993 ஏப்ரல் 16 அன்று, ஸ்ரெப்ரெனிட்சாவைப் 'பாதுகாப்பு வலயம்' என்று அதே அவை அறிவித்திருந்தது. பின்னர் மேலும் ஐந்து ஊர்கள் சேர்க்கப்பட்டன. இவ்வலயங்களைத் தாக்குதலிலிருந்து தடுத்து நிறுத்த ஏறத்தாழ 34,000 வீரர்கள் தேவை என்றது ஐ.நா. செயலகம். அவை ஒப்புக்கொண்டதோ 7,600 பேருக்கு. 1995 ஜூலையில் ஸ்ரெப்ரெனிட்சாவில் நின்றவர்கள் இலகு ஆயுதம் தரித்த சில நூறு டச்சு வீரர்களே. அவ்வூரிலிருந்த போஸ்னியப் படையினர் சுற்றுப்புறச் செர்பியச் சிற்றூர்களைத் தாக்கியதும் உண்டு. அதுவும் பின்னாளில் விசாரணைக்கு வந்தது. நீதியைப் பேசும் நாம் இதை மறைத்துப் பேசலாகாது. எனினும், அதற்குப் பின் நடந்ததை அது எவ்வகையிலும் நியாயப்படுத்தாது.

ஜூலை 11 அன்று ஊர் வீழ்ந்தது. பொடொச்சாரியிலிருந்த ஐ.நா. முகாமைச் சுற்றி ஏறத்தாழ 25,000 பேர் திரண்டனர். பெண்களும் குழந்தைகளும் பேருந்துகளில் ஏற்றப்பட்டனர். ஆண்களும் சிறுவர்களும் பிரிக்கப்பட்டனர். காட்டு வழியே துஸ்லா நோக்கி நடந்தவர்களில் பலரும் பிடிபட்டனர். அடுத்த சில நாட்களில் 8,000க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். பின்பு புதைகுழிகள் இயந்திரங்களால் தோண்டப்பட்டு, உடல்கள் வேறு இடங்களுக்கு மாற்றப்பட்டன. ஒரே மனிதரின் எலும்புகள் இரண்டு மூன்று குழிகளில் கிடைத்ததன் காரணம் இதுவே. சாட்சியத்தை அழிக்க எண்ணியவர்கள், தாங்கள் செய்தது என்னவென்று அறிந்தே இருந்தார்கள்.

முன்னாள் யூகோஸ்லாவியாவுக்கான பன்னாட்டுக் குற்றவியல் தீர்ப்பாயம் 1993 மே மாதமே நிறுவப்பட்டிருந்தது. படை அனுப்ப மனமில்லாதவர்கள் நீதிமன்றம் அமைத்து மனசாட்சியைத் தேற்றிக்கொண்டார்கள் என்று அன்று பலர் கருதினர். நமக்கும் அக்கருத்தில் உண்மை இருப்பதாகவே படுகிறது. ஆயினும் அந்தச் சாக்குப்போக்கே பின்னர் சாக்குப்போக்காக நிற்கவில்லை. செர்பியத் தரப்புப் படையில் இருந்த டிராஜென் எர்டெமோவிச் என்ற குரோவாசிய வீரர், பிரான்யெவோ பண்ணையில் நடந்த படுகொலையில் தாமும் சுட்டதை 1996இல் தாமே ஒப்புக்கொண்டார். தளபதி கிர்ஸ்டிச் வழக்கில் 2001இல் 'இனப்படுகொலை' என்ற தீர்ப்பு வந்தது. ராட்கோ மிளாடிச் பதினாறு ஆண்டுகள் தப்பித் திரிந்து 2011இல் செர்பியாவில் கைதானார். தீர்ப்பாயத்துக்கு ஒத்துழைக்காவிட்டால் சேர்க்கைப் பேச்சு நகராது என்று ஐரோப்பிய ஒன்றியம் விதித்த நிபந்தனைக்கு அதில் பெரும் பங்குண்டு. தூதரகப் பேச்சு பயன் தந்த அரிய இடம் அது. 2017இல் அவருக்கு விதிக்கப்பட்ட ஆயுள் தண்டனை 2021இல் உறுதியானது.

நாடுகளின் பொறுப்புக்கு வந்தால் தராசு தடுமாறுகிறது. பன்னாட்டு நீதிமன்றம் 2007இல், இனப்படுகொலையைத் தடுக்கத் தவறியது செர்பியா என்றது. ஆனால் அதைச் செய்த பொறுப்பை அந்நாட்டின்மீது சுமத்தவில்லை. டச்சு உச்ச நீதிமன்றம் 2019இல், முகாமிலிருந்து வெளியேற்றப்பட்ட சுமார் 350 ஆண்களின் சாவுக்குத் தன் நாட்டின் பொறுப்பு பத்து விழுக்காடு என்றது. அவர்கள் உள்ளே இருந்திருந்தால் பிழைத்திருக்கக்கூடிய வாய்ப்பு அவ்வளவே என்பது கணக்கு. கணவனை இழந்தவளிடம் அந்தப் பத்தை எப்படி விளக்குவது என்று நமக்குத் தெரியவில்லை.

2015இல், இருபதாம் ஆண்டு நினைவையொட்டி நடந்ததை இனப்படுகொலை எனக் கண்டிக்கும் வரைவை ரஷ்யா தன் வீட்டோவால் தடுத்தது. 2024 மே மாதம் பொதுச்சபை ஜூலை 11ஐ நினைவு நாளாக ஏற்றது: ஆதரவு 84, எதிர்ப்பு 19, வாக்களிக்காதோர் 68.

இவற்றுக்கெல்லாம் இடையே ஓயாமல் நின்றவர்கள் தாய்மார்கள். தங்கள் இரத்தத்தை மாதிரியாகக் கொடுத்து, மரபணுச் சோதனையால் ஏறத்தாழ 7,000 பேருக்குப் பெயரை மீட்டுக் கொடுத்தவர்கள் அவர்களும் அவர்களுடைய உறவினருமே. இன்னும் ஆயிரம் பேர் அளவில் கிடைக்கவில்லை. சில குடும்பங்கள் கூடுதல் எலும்புகள் கிடைக்கட்டும் என்று அடக்கத்தைத் தள்ளி வைக்கின்றன. வேறு சில குடும்பங்களுக்கோ, அடக்கம் முடிந்து ஆண்டுகள் கழித்து வேறொரு குழியிலிருந்து மேலும் சில எலும்புகள் வந்து சேர்கின்றன. அப்போது பொடொச்சாரியில் அந்தக் கப்ரு மறுபடியும் திறக்கப்படுகிறது.