ஊருக்கு வரும் டிக்கெட்: ஒரு கள்ளக்குறிச்சிக் கணக்கு

கள்ளக்குறிச்சி 2019இல் தனி மாவட்டமானது. ஆனால் விமான நிலையம் கிடையாது. பக்கத்திலுள்ள சேலத்தில் உள்நாட்டு விமானங்கள் மட்டுமே. எனவே வளைகுடாவிலிருந்து வரும் நம் சகோதரர்கள் பெரும்பாலும் சென்னையில் அல்லது திருச்சியில்தான் இறங்குகிறார்கள்.

சென்னைக்கு விமானங்கள் அதிகம் என்பதால் டிக்கெட் பல நேரம் மலிவாகக் கிடைக்கும். ஆனால் அங்கிருந்து ஊருக்குச் சுமார் 250 கிலோமீட்டர். கார் வாடகை, சுங்கச்சாவடி, வழிச் சாப்பாடு என்று கூட்டிப் பார்த்தால், மிச்சம் பிடித்த பணம் உளுந்தூர்பேட்டைக்கு முன்பே கரைந்திருக்கும். தனியாக வருபவருக்குப் பேருந்து போதும். பிள்ளைகுட்டிகளோடு வருபவருக்குத் திருச்சியே நல்லது என்பது நம் கருத்து. கல்வராயன் மலையடிவாரத்து ஊர்க்காரர்கள் விலையோடு இறங்கும் நேரத்தையும் பார்க்க வேண்டும். கடைசி பஸ் போய்விட்டால் மறுபடியும் வாடகை வண்டிதான்.

ஹிஜ்ரி ஆண்டு சுமார் 11 நாள் குறைவு என்பதால் பெருநாள் ஆண்டுதோறும் முன்னே நகரும். கட்டணம் ஏறும் வாரமும் கூடவே நகரும்.

திட்டமிட முடியாத பயணம் ஒன்று உண்டு: பெற்றோரின் மவ்த் செய்தி. ஜனாஸாவைத் தாமதிக்கக் கூடாது என்பது மார்க்கம். கேட்ட விலையைக் கொடுத்துப் புறப்பட்டும், அடக்கம் முடிந்த பிறகே வீடு சேர்ந்தவர்களை நாம் பார்த்திருக்கிறோம். அந்த ஒரு டிக்கெட்டுக்கான தொகையை எப்போதும் தனியே வைத்திருங்கள். சவூதியில் இருப்பவருக்குப் பணம் மட்டும் போதாது, எக்ஸிட் ரீ-என்ட்ரி விசாவும் வேண்டும். தனியார் நிறுவன ஊழியர்கள் 2021 முதல் அதற்கு அப்ஷர் வழியாகத் தாங்களே விண்ணப்பிக்கலாம். வீட்டு ஓட்டுநர், வீட்டுப் பணியாளர்களை அந்தச் சீர்திருத்தத்தில் சேர்க்கவில்லை; அவர்கள் கஃபீலிடம் இப்போதே பேசி வைப்பது நல்லது.