அபினுக்கு மருந்து தேடிய வரலாறு

குருமாவுக்கு அரைத்துச் சேர்க்கும் கசகசாவும் மனிதனை உருக்குலைக்கும் அபினும் ஒரே செடியில் பிறந்தவை என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. கசகசா முற்றிய காயின் விதை. அபினோ, காய் பச்சையாக இருக்கும்போது அதன் தோலைக் கீறினால் வடிந்து உறையும் பால். ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. அந்தப் பாலை நீரில் கரைத்து, வடிகட்டி, காய்ச்சிப் புகைப்பதற்கேற்ற பாகாக்கினால் அதுவே சண்டு.

மலாயாவில் இச்சண்டு கள்ளத்தனமாகப் புகுந்த பொருளன்று. கங்கைச் சமவெளியில் பயிராகி, பாட்னாவிலும் காஜிப்பூரிலும் கிழக்கிந்தியக் கம்பெனியின் மேற்பார்வையில் பதமான அபின், கல்கத்தாவில் ஏலம் போய்க் கப்பலேறிற்று. ஆங்கிலேயர் சிங்கப்பூரில் கால் வைத்தது 1819இல்; மறு ஆண்டே அபின் விற்கும் உரிமை குத்தகைக்கு விடப்பட்டது. பின்னாளில் நீரிணைக் குடியேற்ற நாடுகளின் வருவாயில் பாதிக்கு அருகில் அபினிலிருந்து கிடைத்த ஆண்டுகளும் உண்டு. தோட்டத்துக் கள்ளுக்கடையில் தமிழன் காசு எந்த வழியே போயிற்றோ, அதே வழியேதான் ஈயச் சுரங்கத்திலும் காம்பீர்த் தோட்டத்திலும் சீனத் தொழிலாளியின் காசும் போயிற்று. கூலி கொடுப்பவர் கையும் சண்டு விற்பவர் கையும் பல இடங்களில் ஒரே கையாக இருந்தது.

தொழிலாளி ஏன் அதை நாடினான் என்று கேட்போர் அந்நாளைய சுரங்க வாழ்வை நினைவிற் கொள்ள வேண்டும். இடுப்பளவு நீரில் வேலை, மலேரியாக் காய்ச்சல், வயிற்றுப்போக்கு, வைத்தியர் இல்லை. அபின் வலியைத் தணிக்கும், இருமலை அடக்கும், வயிற்றுப்போக்கை நிறுத்தும். இவை பொய்யல்ல. பொய்யாக இருந்திருந்தால் அபினை ஒழிப்பது எவ்வளவோ எளிதாக இருந்திருக்கும்.

தீமை பின்னால் வருகிறது. உடல் அபினுக்குப் பழகிவிடுகிறது. நேற்றுப் போதிய அளவு இன்று போதுவதில்லை. பசி குன்றும், மலம் இறுகும், அளவு மிகுந்தால் மூளை சுவாசத்தை நடத்த மறந்துவிடும், மரணம் அவ்வழியேதான் வருகிறது. நிறுத்தினாலோ, கொட்டாவியும் கண்ணீரும் மூக்கொழுக்கும் தொடங்கி, எலும்புக் குடைச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு, உறக்கமின்மை என உபாதை முற்றும். இந்த உபாதையின் உச்சம் சில நாள்களே. ஒன்றிரண்டு வாரங்களில் பெரும்பாலும் அடங்கிவிடும். ஆனால் அபினை நாடும் மனம் அத்தனை விரைவில் அடங்குவதில்லை. அபினுக்கு மருந்து தேடியவர்களில் பெரும்பாலோர் இந்த வேறுபாட்டைத்தான் காணத் தவறினர்.

ஜெர்மானிய மருந்தாளர் சேர்ட்டூர்னர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அபினிலிருந்து மார்ஃபினைப் பிரித்தெடுத்தார். வலிக்கு அது ஒப்பற்ற மருந்து. இன்றும் மருத்துவமனைகளில் அதற்கு இடமுண்டு. ஆனால் ஊசி மருந்து வழக்கத்திற்கு வந்த பின், அபின் பழக்கத்திற்கே மார்ஃபினை மருந்தாகக் கொடுக்கலாயினர். சீனாவில் விற்பனையான 'அபின் நிறுத்தும்' மாத்திரைகள் பலவற்றில் மார்ஃபின் இருந்தது. அடுத்து 1898இல் பாயர் கம்பெனி ஹெராயினைச் சந்தைக்குக் கொண்டுவந்தது, இருமல் மருந்தாக! மார்ஃபினைப் போல அடிமைப்படுத்தாது என்றும் சொல்லிக்கொண்டார்கள். அடிமைப்படுத்துவதில் அது மார்ஃபினுக்குச் சிறிதும் இளைத்ததல்ல என்பது சில ஆண்டுகளிலேயே தெரியவந்தது.

மலாயாவில் கிளர்ச்சி 1906இல் வலுப்பெற்றது. சிங்கப்பூரில் டாக்டர் லிம் பூன் கெங், டாக்டர் யின் சுவாட் சுவான் முதலியோர் அபின் ஒழிப்பு இயக்கத்தை முன்னின்று நடத்திப் பழக்கத்துக்கு ஆளானோருக்குச் சிகிச்சை நிலையமும் அமைத்தனர். அவ்வேளையில்தான் காட்டுச் செடி ஒன்றின் புகழ் பரவிற்று. கொம்ப்ரீட்டம் என்னும் இனத்தைச் சேர்ந்த அக்கொடியின் இலையைக் கொதிக்கவைத்துப் பருகினால் அபின் ஆசை அகலும் என்பது பேச்சு. கோலாலம்பூரில் அது இலவசமாக வழங்கப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் வந்து பெற்றுச் சென்றனர். பிறநாடுகளுக்கும் இலை அனுப்பப்பட்டது.

கஷாயம் கொடுத்த முறை கவனிக்கத்தக்கது. நோயாளிக்கு இரண்டு போத்தல் கஷாயம். ஒன்றில் அவன் புகைக்கும் அளவுக்கேற்ப வறுத்த அபினைக் கலந்துவிடுவார்கள்; மற்றொன்று வெறுங் கஷாயம். அபின் கலந்த போத்தலிலிருந்து வேளைக்கு ஓர் அளவு குடிக்க வேண்டும். குடித்த அளவுக்கு வெறுங் கஷாயத்தை எடுத்து அதிலே ஊற்றி நிரப்பிவிட வேண்டும். உப்புக் கரைத்த குடத்திலிருந்து நாளுக்கு ஒரு செம்பு மொண்டு, அதே அளவு நல்ல தண்ணீரை ஊற்றி வந்தால் என்ன நேரும்? குடம் இருபது செம்பு கொள்வதானால், இரண்டு வாரத்தில் உப்பு பாதியாகும். ஒன்றரை மாதத்தில் பத்தில் ஒரு பங்கே எஞ்சும். குடிப்பவன் நாக்குக்குக் கூட மாற்றம் தெரியாது.

இங்கிலாந்தில் இலையைச் சோதித்த இரசாயனிகள் அபின் ஆசையைப் போக்கவல்ல சரக்கு எதனையும் அதில் காணவில்லை. துவர்ப்புப் பொருளைப் போன்றவையே கிடைத்தன. இதனால் செடியின் புகழ் சில ஆண்டுகளில் மங்கிற்று. ஆனால் அதனைப் போலி என்று தள்ளியவர்கள் போத்தல்களை மறந்துவிட்டனர். பலன் கண்டவர்கள் இருந்திருப்பின், இலையால் அல்ல, சிறிது சிறிதாக அளவு குறைந்ததால் கண்டனர் என்பதே பொருத்தம்.

அரசாங்கம் நியமித்த விசாரணைக் குழு 1908இல் தந்த அறிக்கை, அபினின் தீமை மிகைப்படுத்தப்படுகிறது என்ற போக்கிலேயே அமைந்தது. வருவாயின் அளவை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பிராது. 1910இல் குத்தகை ஒழிந்தது, சண்டு ஒழியவில்லை, அரசாங்கமே காய்ச்சி விற்கத் தொடங்கியது. டாக்டர் சென் சு லான் 1933இல் சிங்கப்பூரில் தொடங்கிய அபின் ஒழிப்பு மருத்துவ நிலையம் ஒரு பக்கம் நோயாளிகளைத் தேற்ற, மறுபக்கம் அரசாங்கக் கடை திறந்தே இருந்தது. ஜப்பானியர் ஆட்சியிலும் விற்பனை நின்றபாடில்லை. 1943இல் பிரிட்டன் கொள்கை அளவில் தடையை அறிவித்தது. போர் முடிந்து 1946இல்தான் அது இங்குச் சட்டமாயிற்று.

தடை வந்ததும் நேற்றைய வாடிக்கைக்காரன் இன்றைய குற்றவாளியானான். அவர்களைச் சிறையில் தள்ளுவதால் பயனில்லை என்று கண்டு, 1955இல் செயின்ட் ஜான்ஸ் தீவில் அபின் சிகிச்சை நிலையம் திறக்கப்பட்டது. தமிழர் பலருக்கு அத்தீவு வேறு வகையில் பழக்கமானது. கப்பலில் வந்திறங்கிய பாட்டனும் பாட்டியும் தொற்றுநோய்த் தடுப்புக்காகத் தங்கவைக்கப்பட்ட இடங்களுள் அதுவும் ஒன்று. அங்கே உடல் உபாதை தீர்ந்த பின்னும் நோயாளிகளைப் பல மாதம் வைத்திருந்து கைத்தொழில் பழக்கினர். மருந்து முடிந்த இடத்தில் வைத்தியம் முடிவதில்லை என்பதை இந்நாட்டு அரசாங்கம் ஒப்புக்கொண்டது அப்போதுதான்.

1970ஆம் ஆண்டுகளில் ஹெராயின் வந்தபோது நோயாளியின் முகமும் மாறிற்று. கிழவர்கள் போய் இளைஞர்கள் வந்தனர். சிங்கப்பூர் 1977இல் பெரும் வேட்டை நடத்திக் கட்டாய மறுவாழ்வு நிலையங்களை நிரப்பியது. மருந்தின் உதவியின்றி உபாதையைத் தாங்கச் செய்வதே அங்குப் பொது முறையாயிற்று. மலேசியா முதலில் அதே வழியில் சென்று, ஒரே ஊசியைப் பலர் பகிர்ந்ததால் எச்.ஐ.வி. பரவியதைக் கண்டபின், 2005இல் மெத்தடோன் சிகிச்சையைத் தொடங்கியது. 1965இல் நியூயார்க்கில் டோல், நைஸ்வாண்டர் என்ற இரு மருத்துவர்கள் பயன் காட்டிய முறை அது. மெத்தடோனும் அபின் போல வேலை செய்யும் மருந்துதான். ஆனால் அளந்து, வாய்வழியே, நாள்தோறும் கொடுக்கப்படுவதால் நோயாளி ஊசியையும் திருட்டையும் விட்டு வேலைக்குப் போக முடிகிறது. இம்மருந்தை அவன் பல ஆண்டுகள் உட்கொள்ள நேரிடலாம். ஒரு போதைக்கு மற்றொரு போதையா என்று கேட்போர் உண்டு. சிங்கப்பூரில் சுபுடெக்ஸ் மாத்திரை கரைத்து ஊசியில் ஏற்றப்பட்டு, 2006இல் தடை செய்யப்பட்டதைச் சான்றாகவும் காட்டுவர். கேள்வி நியாயமானதே. ஆயினும் ஹெராயினை விற்றவர்கள் அது அடிமைப்படுத்தாது என்றார்கள். மெத்தடோன் தருபவர் அப்படிச் சொல்வதில்லை. அளவு அவர் கையில் இருக்கிறது.

குடும்பத்தார் அறிய வேண்டியது மற்றொன்று உண்டு. சிறையிலோ மறுவாழ்வு நிலையத்திலோ சில மாதம் இருந்து திரும்பியவனுடைய உடல் பழைய அளவைத் தாங்கும் சக்தியை இழந்திருக்கும். முன்பு அவனுக்குப் பழக்கமான அதே அளவு இப்போது சுவாசத்தை நிறுத்திவிடக்கூடும். கண்மணி ஊசிமுனையாய்ச் சுருங்கி, மூச்சு மெதுவாகி, எழுப்பியும் எழாதிருந்தால் அது உறக்கமன்று. அபினின் பிடியை விலக்கிச் சுவாசத்தை மீட்கும் நலோக்சோன் என்ற ஊசி மருந்து நெடுங்காலமாகவே மருத்துவர்களிடம் உள்ளது. அது நேரத்தில் கிடைக்க வேண்டுமானால், அவன் நன்றாகத் தூங்கட்டும் என்று கதவைச் சாத்தாமல் உடனே ஆம்புலன்சை அழைக்க வேண்டும்.